இரைச்சலும் கூச்சலும்

சமீபத்தில் ஒரு ஹெட்போன் கம்பெனியின் விளக்கக் கையேடு தமிழாக்கத்துக்காக என்னிடம் வந்தது. பெங்களூரில் மொழிபெயர்ப்பை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது புதிதல்ல. மிக்ஸி, வாட்டர் ஹீட்டர், குழந்தையைத் தூக்கும் பை என்று எல்லாவற்றுக்கும் தமிழ் எழுதியாகிவிட்டது. இந்தக் கையேட்டில் இரண்டு சொற்கள் மாறி மாறி வந்தன: நாய்ஸ் கேன்சலிங், நாய்ஸ் ஐசொலேட்டிங். இரண்டும் ஒன்றுதானே என்று 'இரைச்சல் நீக்கும்' என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் போட்டு அனுப்பிவிட்டேன். அன்று இரவே திரும்பி வந்தது. 'இரண்டும் வேறு வேறு தத்துவத்தில் இயங்குபவை, ஒன்றாக்க வேண்டாம்' என்று பொறியாளர் ஒருவரின் குறிப்பு.

அவர் சொன்னது சரி. அது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டிய விஷயமும்கூட. ஏனென்றால் இரண்டு மாதங்களாக நான் அப்படி ஒரு கருவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அலங்காரத்துக்கு அல்ல, டாக்டர் சொல்லி.

பேட்டிகளை ஒலிப்பதிவு செய்து, சென்னைக்குப் போகும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து அவற்றை எழுத்தாக்குவது என் பல வருடப் பழக்கம். ஆறு மணி நேரம் போன் மணிக்கு ஓடி எழ வேண்டாத அலுவலகம் அது. என்னிடம் இருந்தது செல்போனோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சாதாரண இயர்போன். காதின் வாசலில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும். பேச்சு கேட்கவில்லையென்றால் வால்யூமைக் கூட்டுவேன். பங்காரப்பேட்டையில் ஒரு முறை, ஜோலார்பேட்டையில் ஒரு முறை, காட்பாடி தாண்டினால் இன்னொரு முறை. போகப் போக, ரயிலைவிட்டு நான் இறங்கிய பிறகும் ஒரு சத்தம் மட்டும் காதைவிட்டு இறங்க மறுத்தது. 'ங்ங்' என்று, யாரோ தூரத்தில் மிக்ஸி ஓட்டுவதுபோல.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஓர் அடைத்த அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். அதிகச் சத்தத்தால் கெடும் காதுகளில் பெரும்பாலும் முதல் பள்ளம் விழுவது அங்கேதான். ஸ, ஷ, ஃப போன்ற மெய்யொலிகளின் அடையாளம் அந்தப் பகுதியிலும் அதற்கு மேலும்தான் இருக்கிறது. உயிர் ஒலிகளின் பலம் அதற்கு வெகு கீழே. "பேச்சு காதில் விழும், ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியாது" என்றார் டாக்டர். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மெய் போய்விடும், உயிர் மட்டும் மிஞ்சும். உட்காதில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒரு முறை செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. இதுவரை போனது கொஞ்சம்தான், இனி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

காதுக்கும் ரேஷன் உண்டு. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. ரயிலின் சத்தத்தை மிஞ்சுவதற்காக நான் கூட்டிய ஒவ்வொரு புள்ளியும் அந்த ரேஷனில் கழிந்த அரிசி. எனவே வழி ஒன்றுதான்: வெளிச்சத்தத்தைக் குறைக்க வேண்டும், அப்போது உள்ளே குறைந்த சத்தத்திலேயே பேச்சு கேட்கும். அதற்கு எந்தக் கருவி?

இங்கேதான் தமிழ் உதவிக்கு வந்தது. ஆங்கிலத்தில் எல்லாம் 'நாய்ஸ்'. நமக்கு இரைச்சல் வேறு, கூச்சல் வேறு. அருவி இரையும், கடல் இரையும், பசித்த வயிறு இரையும், டாக்டரிடம் போனால் 'காதில் இரைச்சல்' என்போம். ஒரே சீராக, நிற்காமல் ஓடுவது இரைச்சல். கூச்சல் அப்படியல்ல, திடீரென்று எழும், அடங்கும், பெரும்பாலும் ஒரு வாயிலிருந்து வரும். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வேட்டையாடுவது இரைச்சலை. கூச்சலிடம் அது திணறுகிறது.

காரணம் அது வேலை செய்யும் விதம். ஹெட்போனில் உள்ள மைக்குகள் வெளிச்சத்தத்தைக் கேட்கின்றன. ஒலி என்பது மேடும் பள்ளமுமாக வரும் காற்றலை. மேடு வரும் இடத்தில் பள்ளத்தையும், பள்ளம் வரும் இடத்தில் மேட்டையும் வைத்து ஓர் எதிரலையை ஹெட்போன் உண்டாக்குகிறது. இரண்டும் காதருகே மோதிச் சமனாகின்றன. பால் லூயெக் என்ற ஜெர்மானியர் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். அதைச் செய்து காட்டும் மின்னணுவியல்தான் அன்று இல்லை. 1978-ல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்போனைக் காதில் வைத்தார். என்ஜின் இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை. ஊர் போய்ச் சேர்வதற்குள் எதிரலைக்கான கணக்கை அங்கேயே போட ஆரம்பித்துவிட்டார். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்கா போன வங்காள சுதந்திரப் போராட்டக்காரரின் மகன் அவர். அவருடைய கம்பெனி 1989-ல் விமானிகளுக்கும், 2000-ல் பயணிகளுக்கும் அந்த ஹெட்போனைக் கொண்டுவந்தது. ஆக, இந்தக் கருவி பிறந்ததே விமானத்துக்காக.

விமான என்ஜினின் ஆழ்ந்த முழக்கத்துக்கு அது பொருந்துவதில் வியப்பில்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை மூன்று மீட்டருக்கும் அதிக நீளம். எதிரலை ஓரிரு சென்டிமீட்டர் பிசகினாலும் தெரியாது. 3000 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ பதினோரு சென்டிமீட்டர்தான். அங்கே அதே பிசகு நேர்ந்தால் மேடும் பள்ளமும் சரியாகப் பொருந்தாமல் போய்விடும். குழந்தையின் வீறல், ஹாரன், தட்டு விழும் ஓசை எல்லாம் மேல்பகுதியில் திடீரென்று வருபவை. எதிரலையால் அவற்றைத் துரத்திப் பிடிக்க முடிவதில்லை.

நாய்ஸ் ஐசொலேட்டிங் இயர்போனில் இந்த வித்தையெல்லாம் கிடையாது. காதுத் துவாரத்தை நுரையாலோ சிலிக்கானாலோ அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். காது கேட்கும் கருவித் துறையிலிருந்து வந்த மீட் கிலியனின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-ல் இந்த வகையில் ஒன்றைக் கொண்டுவந்தது. நன்றாகப் பொருந்திய நுரை 25, 30 டெசிபல் வரை குறைக்கும். மேல்பகுதிச் சத்தங்களைத்தான் அது அதிகம் தடுக்கிறது. அடிமுழக்கத்தில் ஒரு பங்கு எப்படியும் உள்ளே வரும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் தன்னுடைய பெரிய ஹெட்போனைக் கொடுத்தான். விலை முப்பதாயிரத்தைத் தொடும். "சித்தி, இதைப் போட்டுக்கிட்டா உலகமே ம்யூட்" என்றான். டெல்லி விமானத்தில் அவன் சொன்னது ஏறக்குறைய உண்மை. பொத்தானை அழுத்தியதும் யாரோ என்ஜினை அணைத்துவிட்டதுபோல இருந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இரண்டேமுக்கால் மணி நேரம் ஒரு பேட்டியை வழக்கமான சத்தத்தில் பாதிக்கும் குறைவாக வைத்துக் கேட்டேன்.

அடுத்த வாரம் அதையே பிருந்தாவனுக்கு எடுத்துப்போனேன். சக்கர முழக்கம் போயிற்று, மின்விசிறி போயிற்று. எதிர் சீட்டுக்காரரின் செல்போன் மட்டும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது! வடை விற்பவர் காதுக்குள்ளேயே வந்து விற்றார். இது பிரமையல்ல. கனமான இரைச்சல் ஒரு திரை மாதிரி. பின்னால் உள்ள பேச்சுகளை மறைத்துக்கொண்டிருக்கும். திரையை எடுத்தால் பேச்சு மேடைக்கு வந்துவிடுகிறது. அதற்கடுத்த பயணத்தில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய நுரை வைத்த இயர்போன். தண்டவாளத்தின் 'தடதட' அடியில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் வடைக்காரர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார், எதிர் சீட்டுக்காரர் பக்கத்து ஊருக்கே போய்விட்டார்.

இரவு பஸ்ஸுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். மதுரை பஸ்ஸில் பின் சீட் கிடைத்தால் காலடியில் டீசல் என்ஜின். அதற்குப் பெரிய ஹெட்போன் நல்லது. ஓசூர் ரோட்டின் ஏர் ஹாரனுக்கு நுரைதான் மேல். இரண்டும் சேர்ந்த சின்ன இயர்போன்கள் இப்போது சில ஆயிரங்களுக்கே வந்துவிட்டனவே என்று கேட்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அதிலும் காதின் அளவுக்குச் சரியான குப்பி பொருந்தாவிட்டால் இரண்டு பயனும் கிடைக்காது. பெட்டியில் மூன்று அளவு கொடுக்கிறார்கள்; முக்கால்வாசிப் பேர் நடு அளவை மாட்டிக்கொண்டு மற்றதைத் தொலைத்துவிடுகிறார்கள். நுரையை விரலால் உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் பிடிக்க வேண்டும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லித் தருவதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. காதை அடைத்துக்கொண்டு முறுக்கு சாப்பிட்டுப் பாருங்கள், மண்டைக்குள் கல் உடைப்பார்கள். ஒயர் புடவையில் உரசும் சத்தம்கூடக் கேட்கும். விமானம் இறங்கும்போது அழுத்தம் மாறிக் காது வலிக்கும், கழற்றிவிட வேண்டும். பெரிய ஹெட்போனுக்குக் கம்மல் ஆகாது, மூக்குக்கண்ணாடியின் காம்பு இடைவெளி உண்டாக்கும், சென்னை சென்ட்ரலில் இறங்கும்போது காது இரண்டும் வியர்வையில் ஊறியிருக்கும். தனியாகப் போகும் பெண்ணுக்கு இன்னொன்றும் உண்டு. இரவு பஸ்ஸில் இரண்டு காதையும் நான் அடைப்பதில்லை. பின் சீட்டில் யார் எழுந்து வருகிறார், டிபனுக்கு நின்ற பஸ் எப்போது கிளம்புகிறது என்பதெல்லாம் ஒரு காதுக்குத் தெரிந்தாக வேண்டும். சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இரண்டு கருவியுமே பையில் இருப்பது நல்லது.

கடைசியில் ரயிலுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இயர்போன், வருடத்துக்கு இரண்டு மூன்று விமானத்துக்கு அக்கா மகனின் தயவு என்று முடிவு செய்தேன். கையேட்டில் ஒன்றை 'இரைச்சல் நீக்கி' என்றும், மற்றதை 'ஒலி அடைப்பு' என்றும் மாற்றி அனுப்பினேன். 'அடைப்பு' சாக்கடையை நினைவூட்டுகிறது என்று 'ஒலித் தடுப்பு' ஆக்கிவிட்டார்கள். போகட்டும்.

இந்தச் செலவெல்லாம் யார் செய்ய வேண்டியது என்பது வேறு கேள்வி. ஹெட்போன் என்ற பொருள் நம் பாட்டு அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமலிருக்கவும்தான். இப்போதோ அடுத்தவர் பாட்டிலிருந்து தப்பிக்க நாம் வாங்குகிறோம். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் இதைத் திருப்பி நிறுத்தியது. கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்களில் செல்போனில் சத்தமாகப் பாட்டோ வீடியோவோ வைக்கக் கூடாது, சொல்லியும் கேட்காத பயணியைக் கண்டக்டர் இறக்கிவிடலாம் என்பது உத்தரவு. ரயில்வேயும் 2022 ஜனவரியில் இரவு பத்து மணிக்கு மேல் இயர்போன் இல்லாமல் பாட்டு கேட்பதற்குத் தடை போட்டது. இப்படி யாரையாவது இறக்கிவிட்டதை நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை, பாதி பஸ் காலியாகிவிடும்.

போன வாரம் பிருந்தாவனில் எதிரே எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். பேரன் புதிதாக வாங்கிக் கொடுத்த செல்போனில் பழைய எம்.ஜி.ஆர். பாட்டுகள், ஒன்று முடிந்தால் அடுத்தது. உத்தரவை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையில் கிடந்த என் பழைய இயர்போனை நீட்டி, "ஐயா, இதை மாட்டிக் கேளுங்க, இன்னும் நல்லா இருக்கும்" என்றேன். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். போனை மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்தார். நானும் வாங்கிப் பார்த்தேன். புது மாடல், ஒயர் செருகும் துளையே அதில் இல்லை. ஜோலார்பேட்டை வரை பாட்டு ஓடியது.