அஞ்சு வருஷத்துக்குப் போட்ட ஓட்டு மூணு வருஷத்துல முடிஞ்சா?

ஒரே நாடு ஒரே தேர்தல் பத்திப் பேச்சு வந்தா, "நல்லதுதானே, அடிக்கடி தேர்தல் தொல்லை இருக்காது"ன்னு டீக்கடையில முக்காவாசிப் பேரு சொல்றாங்க. தொல்லை நிஜம்தான். தேதி அறிவிச்சுட்டா, மாடு வித்த காசு 50,000 ரூபாய்க்கு மேல மடியில இருந்தா பறக்கும் படைக்குக் கணக்கு சொல்லணும். மாசாமாசம் நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டமும் நின்னு போகும்.

ஆனா மசோதாவுல என்ன இருக்குன்னு பாருங்க. 2024 டிசம்பர் 17ந் தேதி மக்களவையில வச்ச 129வது திருத்தம் இது. மக்களவைத் தேர்தல் முடிஞ்சு முதல் கூட்டம் நடக்குற அன்னிக்கு குடியரசுத் தலைவர் ஒரு அறிவிப்பு போடுவாரு. அதுக்கப்புறம் வர்ற எந்த சட்டசபையா இருந்தாலும் அந்த மக்களவையோட சேர்ந்தே முடியணும். 2029ல அறிவிப்பு வந்துச்சுன்னா, நாம 2031ல தேர்ந்தெடுக்கிற சட்டசபை 2034லயே முடிஞ்சுடும். அஞ்சு வருஷக் குத்தகை பேசிட்டு மூணாவது வருஷம் நிலத்தை விடுன்னு சொன்னா எவன் வண்டல் அடிச்சு மண்ணைத் தேத்துவான்? இருக்கிற சத்தை உறிஞ்சிட்டுத்தான் போவான். ஆட்சியும் அப்படித்தான்.

நடுவுல ஆட்சி கவுந்தா மறுபடி தேர்தல் உண்டு, ஆனா மிச்சக் காலத்துக்கு மட்டும்தான். அப்புறம் செலவு எங்க மிச்சமாகுது?

இன்னொண்ணு. 2021ல கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடின்னு பிப்ரவரியில அறிவிச்சாங்க. ஏப்ரல்ல சட்டசபைத் தேர்தல். ஓட்டுக்காகத்தான், தெரியும். ஆனாலும் தேர்தல் வந்தாத்தான் நாம கண்ணுக்குத் தெரியுறோம். ரெண்டு ஓட்டையும் ஒரே நாள்ல வாங்கிட்டுப் போனா அடுத்த அஞ்சு வருஷம் நம்ம ஊர்ப்பக்கம் யாரு வருவா?

நமக்குக் கிட்டத்துல இருக்கிற ஊராட்சித் தேர்தலைப் பத்தி இந்த மசோதாவுல ஒரு வரி கிடையாது. அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள நடத்தணும்னு அரசியல் சட்டத்துலயே எழுதியிருக்கு. ஆனா 2016 அக்டோபர்ல முடிஞ்ச ஊராட்சிக்கு 2019 டிசம்பர்லதான் தேர்தல் வச்சாங்க, அதுவும் 27 மாவட்டத்துக்கு மட்டும். அந்தப் பதவிக்காலமும் 2025 ஜனவரியில முடிஞ்சு, தனி அலுவலர் கையில போயிடுச்சு. தெருக்குழாய்ல தண்ணி வரலன்னா முன்னாடி தலைவர் வீட்டு வாசல்ல போய் நிப்போம். தனி அலுவலருக்கு எத்தனையோ ஊரு, அவரு எந்த ஊர்ல இருப்பாருன்னு தேடணும். எழுதி வச்ச இந்தத் தேதியை மொதல்ல காப்பாத்துங்க, மத்த தேதியை அப்புறம் மாத்தலாம்.