ஒரு விருந்தும் பல பெயர்களும்

அடுப்பில் வெந்த அன்னம் ஒன்றுதான். இலையில் பரிமாறினால் அது சாதம். சுவாமிக்கு நிவேதனம் செய்துவிட்டால் பிரசாதம். சிராத்த தினத்தில் உருட்டி வைத்தால் பிண்டம். இவற்றில் ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு இட்டுச் சொன்னால் வீட்டிலுள்ள பாட்டிமார் பொறுக்கமாட்டார்கள். பெயருக்குள் ஒரு நம்பிக்கையே அடங்கியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆங்கிலேயரும் இவ்வுண்மையை அறிந்தவர்களே. ஆனால் அதற்காக அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரிது.

கிறிஸ்துநாதர் சிலுவையில் அறையுண்பதற்கு முந்தின இரவில் சீடர்களுடன் அமர்ந்து உண்டார். அப்போது அப்பத்தைத் தமது சரீரமென்றும், திராட்ச ரசத்தைத் தமது இரத்தமென்றும் கூறி, தம்மை நினைந்து அவ்வாறே செய்துவரும்படி பணித்தார் என்பது சுவிசேஷ வரலாறு. அப்பம் மெய்யாகவே சரீரமாகிறதா, அன்றி அதற்கு அடையாளமாக மட்டும் நிற்கிறதா? பின்னர் எழுந்த பெருங் கலகங்களுக்கெல்லாம் இக் கேள்வியே வித்தாயிற்று.

ஆதி ஆங்கிலத்தில் இத் திருவுணவுக்கு 'ஹௌஸல்' என்று பெயர். பலி என்னும் பொருள் கொண்ட பழைய ஜெர்மானியச் சொல் அது. வழிபாட்டுக்கு வழங்கிய 'மாஸ்' என்ற பெயரோ லத்தீனிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸ் என்பதன் ஈற்றில் நிற்பதும் அதுவே. ஹௌஸல் நாளடைவில் வழக்கொழிந்தது. ஹாம்லெட் நாடகத்தை வகுப்பில் படிப்பிக்கும்போது, கொலையுண்ட மன்னனின் ஆவி தான் அந்த உணவு பெறாமலே மாண்டதைச் சொல்லிப் புலம்பும் இடத்தில், நாம் அச் சொல்லின் எச்சத்தைக் காண்கிறோம்.

1215-ம் வருஷம் ரோமாபுரியில் கூடிய லாட்டரன் மகாசபை, இக் கொள்கையைக் கூற ஒரு நீண்ட லத்தீன் சொல்லை ஆண்டது. அதுவே ஆங்கிலத்தில் 'டிரான்ஸப்ஸ்டான்ஷியேஷன்' ஆயிற்று. அப்பத்தின் நிறமும் மணமும் சுவையும் மாறாதிருக்க, உள்ளேயுள்ள வஸ்து மட்டும் முழுதும் மாறிவிடுகிறது என்பது அதன் பொருள். பண்டிதர்கள் தருக்கத்துக்காக ஆக்கிய பதம் அது. அது பாமரர் தலையில் வந்து விழுந்ததுதான் பரிதாபம்.

எட்டாம் ஹென்ரி மன்னர் 1534-ல் போப்பாண்டவரின் அதிகாரத்தை உதறினார்; ஆனால் இக் கொள்கையை உதறவில்லை. 1539-ல் பிறந்த சட்டப்படி இதை மறுப்பவர்களுக்கு அக்கினியே தண்டனை. லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஆன் ஆஸ்கியூ என்ற இளம் பெண்மணி, அப்பம் அப்பமே என்று சொல்லிப் பின்வாங்க மறுத்தாள். லண்டன் கோட்டையில் அவளைச் சித்திரவதை யந்திரத்திலிட்டு முறுக்கினார்கள். நடக்கவும் இயலாத நிலையில் நாற்காலியில் வைத்துச் சுமந்து போய், 1546-ல் ஸ்மித்ஃபீல்டு மைதானத்தில் எரித்தார்கள்.

ஹென்ரிக்குப் பின் காற்றுத் திசை மாறியது. காண்டர்பரி பிரதம அத்தியட்சர் கிரான்மரின் மேற்பார்வையில் 1549-ல் வெளிவந்த ஆங்கில ஜெப புஸ்தகம், ஆண்டவரின் இராப்போஜனம், பரிசுத்த நற்கருணை, மாஸ் ஆகிய மூன்று பெயர்களையும் ஒரே தலைப்பில் இட்டது. 1552-ம் வருஷப் பதிப்பில் மாஸ் மறைந்தது. பலிபீடம் என்ற சொல்லும் போய், மேஜை வந்தது. நம் தமிழ்நாட்டிலும் கத்தோலிக்கர் பூசை, நற்கருணை என்றும், புராட்டஸ்டண்டுகள் இராப்போஜனம், திருவிருந்து என்றும் வழங்கி வந்ததைக் கவனித்தால், அந்தப் பிளவின் சுவடு இங்கும் பதிந்திருப்பது புலனாகும்.

அப்பத்தைக் கையில் கொடுக்கும்போது குரு சொல்லும் வாக்கியமும் மாறியது. 1549-ல் அது கிறிஸ்துவின் சரீரத்தையே குறித்தது. 1552-ல் அதை நீக்கி, நினைவாக உண்ணும்படி கூறும் வாக்கியத்தைப் புகுத்தினார்கள். பிறகு மேரி அரசி பட்டமேறிப் பழைய மதத்தை மீட்டாள். அவள் ஆட்சியில் சுமார் 280 பேர் எரியுண்டனர். கிரான்மரும் 1556-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அதே கதியை அடைந்தார்.

அடுத்து வந்த எலிஸபெத் அரசியின் காலத்தில், 1559-ல், ஒரு விவேகமான காரியம் நடந்தது. இரண்டு வாக்கியங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். சரீரம் என்று நம்பியவனுக்கு முதற் பாதி. நினைவு என்று நம்பியவனுக்குப் பிற்பாதி. இருவரும் ஒரே வரிசையில் மண்டியிடலாம். இதைக் கோழைத்தனமென்று பழித்தவர் உண்டு. விறகுக் கட்டையைக் காட்டிலும் ஒரு நீண்ட வாக்கியம் மேலானதென்பதே நம் அபிப்பிராயம்.

ஆயினும் சொற்போர் ஓயவில்லை. 1673-ல் பார்லிமெண்டு செய்த சட்டப்படி, டிரான்ஸப்ஸ்டான்ஷியேஷன் என்பது கிடையாதென்று கையெழுத்திடாதவன் அரசாங்க உத்தியோகம் வகிக்க இயலாது. அரசரின் தம்பியான யார்க் கோமகனே தமது கடற்படைத் தலைமையைத் துறக்க நேர்ந்தது. ஒரு காலத்தில் எந்தச் சொல்லை மறுத்ததற்கு உயிர் போயிற்றோ, அதே சொல்லை மறுக்காததற்கு இப்போது பதவி போயிற்று! கத்தோலிக்கர் பார்லிமெண்டில் அமர்வதற்கு இருந்த தடை 1829-ல்தான் நீங்கியது. பட்டமேறும் அரசர் அக் கொள்கையை மறுத்துரைக்கும் வழக்கம் 1910-ல்தான் ஒழிந்தது.

1971-ல் ஆங்கிலிக்கன் சபையினரும் ரோமன் கத்தோலிக்கரும் கூடிய குழு ஒன்று, விண்ட்ஸர் நகரில் இத் திருவிருந்தைப் பற்றி ஓர் உடன்பாட்டு அறிக்கை வகுத்தது. அந்த அறிக்கையில் டிரான்ஸப்ஸ்டான்ஷியேஷன் என்ற சொல் எங்கே இருக்கிறது தெரியுமா? அடிக்குறிப்பில். அந்த இடத்தை நானூறு வருஷங்களுக்கு முன்பே அதற்குக் கொடுத்திருந்தால், ஆன் ஆஸ்கியூ தன் ஊரில் மூப்படைந்து, தன் படுக்கையில் மரித்திருப்பாள்.