பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி டைமிங்கைப் பாருங்க

இன்ஜினை இறக்கி, போர் அடிச்சு, வால்வு தேய்ச்சு, திரும்ப ஏத்தின பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு வைங்க. சுத்தி நிக்கிறவங்க உடனே சொல்றது, "கார்ப்பரேட்டரை மாத்துங்க", "காயில் போயிருச்சு". நான் இதை ஏத்துக்கமாட்டேன். போன வாரம் வரைக்கும் ஓடின காயில், சரியா இன்ஜின் வேலை நடந்த வாரத்துலயா சாகும்? கடைசியா எங்க கை வச்சாங்களோ, அங்கதான் முதல்ல பார்க்கணும். கை வச்சது வால்வு, டைமிங் செயின், டிஸ்ட்ரிபியூட்டர்.

நகரத்து நண்பர்களே, உங்க புது கார்ல இதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கிடும். அம்பாசடரை உத்தரபாராவுல 2014-லயே நிறுத்திட்டாங்க. ஆனா எங்கிட்ட ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடர் இன்னும் மிளகாய் மூட்டை ஏத்திக்கிட்டு ஓடுது. அதைப் பார்க்கக் கம்ப்யூட்டர் கிடையாது, கண்ணும் கையும்தான்.

சிவகாசிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு டைமிங்னா சுலபமா விளங்கும். மேல போய் வெடிக்க வேண்டிய வாணம் தரையிலேயே வெடிச்சா, மருந்து மோசம்னு சொல்லிட்டுப் போவோமா, திரியைப் பார்ப்போமா? இன்ஜினும் அப்படித்தான். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து, டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு சுத்து. அதனால முதல் பிஸ்டன் ரெண்டு தடவை உச்சிக்கு வரும். ஒண்ணு காத்தை அமுக்கி வர்றது, இன்னொண்ணு புகையை வெளியே தள்ளி வர்றது. புள்ளி வெளியே இருந்து பார்த்தா ரெண்டுலயும் ஒரே இடத்துலதான் நிக்கும். இங்கதான் ஏமாறுவாங்க.

என் வண்டிக்கு இன்ஜின் வேலை முடிஞ்சப்ப கார்ப்பரேட்டர் வழியா டப்பு டப்புன்னு வெடிச்சது. பட்டறையில புது கார்ப்பரேட்டர் வாங்கச் சொன்னாங்க. பக்கத்து ஊர் வயசான மெக்கானிக் அண்ணாச்சி ஒருத்தர் வந்தார். முதல் பிளக்கைக் கழட்டி, ஓட்டையில கட்டைவிரலை வச்சுக்கிட்டு, இன்ஜினைக் கையால சுத்தச் சொன்னார். காத்து விரலைத் தள்ளுது, புள்ளியும் நேரா வந்துருச்சு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தா ரோட்டர் நாலாவது ஒயரைப் பார்த்து நிக்குது! அரை சுத்து மாத்தி மாட்டியிருந்தாங்க. மாத்தி மாட்டி, ஒயரை 1-3-4-2 வரிசையில சரிபார்த்ததும் ஸ்டார்ட் ஆயிருச்சு. செலவு அவர் கூலி மட்டும்.

டேப்பட்டுக்கு அவர் சொன்னது ஒன்பது கணக்கு. மொத்தம் எட்டு வால்வு. எட்டாவது முழுசா திறந்திருக்கும்போது ஒண்ணாவதைப் பாரு, ஏழாவது திறந்திருந்தா ரெண்டாவதைப் பாரு. கூட்டினா ஒன்பது வரணும். இடைவெளியை ஃபீலர் கேஜ் வச்சு, அந்த இன்ஜினுக்குக் கம்பெனி சொன்ன அளவுக்கு வைக்கணும், காது வச்சு இல்ல.

காதுன்னதும் ஒண்ணு சொல்லணும். "டிக் டிக்குன்னு சத்தம் வருதே"ன்னு நாம முகம் சுளிக்கிறோம். நம்மைச் சந்தோஷப்படுத்த மெக்கானிக் டேப்பட்டை இறுக்கிடுறார். இறுகின வால்வு முழுசா மூடாது. அமுக்கம் கசியும், வால்வு கருகும். லேசா சத்தம் போடுற வால்வு பிழைச்சுக்கிடும், சத்தமே இல்லாம இறுகிக் கிடக்கிறதுதான் கருகும். சில நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு ஹெட் போல்ட்டை முறைப்படி இறுக்கி, டேப்பட்டை மறுபடி அளக்கணும். அந்தத் தடவைக்குத்தான் யாரும் வண்டியைக் கொண்டு போறதில்ல.

இதுல தப்பு பட்டறையில மட்டும் இல்லைங்கிறது என் கருத்து. பெட்டியில வர்ற பார்ட்ஸுக்கு நாம பேரம் பேசாமக் காசு கொடுக்கிறோம். அரை நாள் உட்கார்ந்து அளந்து பார்க்கிறவருக்கு, "இதுக்குப் போயி இவ்வளவா?"ன்னு கேட்கிறோம். அப்ப அவர் எதை விப்பார்? பார்ட்ஸைத்தான் விப்பார். அளந்து பார்க்கிற நேரத்துக்கு நியாயமான கூலி கொடுங்க. இல்லைன்னா ஒன்பது கணக்கு அந்த அண்ணாச்சியோடவே போயிரும். நம்ம வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிரும்.