அம்மாவும் நனையட்டும்!

லீவு விட்டால் போதும், எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகள் மதுரை பரவையில் உள்ள 'அதிசயம்' தீம் பார்க்குக்குப் போகணும்னு நச்சரிக்கும். கண்மாயில் தண்ணீரை அபூர்வமாகப் பார்க்கிற பிள்ளைகளாச்சே!

ஆனால், சின்னக் குழந்தை இருந்தால், அப்பாவும் பெரியவர்களும் தண்ணீரில் ஆட, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு பையையும் செருப்பையும் காவல் காப்பது அம்மாதான். அவளுக்கும் சேர்த்துத்தானே டிக்கெட் வாங்குகிறோம்?

பல பார்க்குகளில் வயசைவிட உயரம்தான் கணக்கு. சென்னை அருகே திருப்போரூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவில், 85 செ.மீ.க்குக் குறைவான குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. பெரிய ராட்டினங்களில் ஏறவும் முடியாது. ஆகவே கிளம்பும்முன் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். ஒரு மணி நேரம் அப்பா, அடுத்த மணி நேரம் அம்மா என்று முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீர்தானே என்று அசட்டையாக இருக்காமல், ஒருத்தர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கணும்.

வீடு திரும்பியதும் அத்தனை ஈரத்துணியையும் துவைக்கப்போவது அவள்தானே, அவளும் ஒரு தடவை நனையட்டுமே!

– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை.