நாற்காலி ஒன்று, பதவி இரண்டு

அரசு ஆராய்ச்சி நிறுவனங்களைச் சீரமைக்கப் போகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: மாறப்போவது பெயர்ப்பலகையா, பணமா, அதிகாரமா? சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் விஷயத்தில் முதலிரண்டும் பலமுறை மாறிவிட்டன. மூன்றாவதை ஆட்சிக்கு வந்த யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை.

பெயர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹைதராபாத் மண்டல ஆய்வகம் 1989இல் ஐ.ஐ.சி.டி. (இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம்) ஆனது. திருவனந்தபுரம், ஜம்மு, போபால், புவனேஸ்வர் ஆய்வகங்களுக்கு 2007இல் புதுப்பெயர் சூட்டினார்கள். டெல்லியில் இன்ஸ்டாக், நிஸ்காம் என்ற இரு நிறுவனங்கள் 2002இல் சேர்ந்து நிஸ்கேர் ஆயின. அந்த நிஸ்கேரை 2021இல் நிஸ்டாட்ஸ் என்ற மற்றொரு நிறுவனத்தோடு சேர்த்து இன்னொரு பெயர் வைத்தார்கள். லெட்டர்பேடு அச்சடித்தவர்களுக்கு நல்ல வரும்படி.

பணத்தின் கதை அவ்வளவு எளிதல்ல. செலவில் மூன்றில் ஒரு பங்கையாவது வெளியே சம்பாதியுங்கள் என்று 1986இல் சி.எஸ்.ஐ.ஆரை ஆராய்ந்த ஆபித் உசேன் குழு சொன்னது. நியாயமான யோசனைதான்; தொழிற்சாலைக்காரர்களோடு பேச வேண்டிய கட்டாயம் விஞ்ஞானிகளுக்கு வந்தது. 2015 ஜூனில் டேராடூனில் கூடிய சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வக இயக்குநர்கள் கூட்டம் ஒரேயடியாகத் தாவியது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஆய்வுத் திட்டங்களுக்கான பணத்தை ஆய்வகங்கள் தாமே தேடிக்கொள்ள வேண்டும், மாதாமாதம் முன்னேற்ற அறிக்கை தர வேண்டும் என்றார்கள். அந்த இரண்டு ஆண்டுகள் முடிந்த 2017இல் நிலவரம் என்ன? ஒதுக்கீடு 4,063 கோடி ரூபாய். ஏழாவது சம்பளக் கமிஷன், ஓய்வூதியம், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகள் எல்லாம் போக, புதிய ஆய்வுகளுக்கு மிஞ்சியது 202 கோடி. நூறு ரூபாயில் ஐந்து ரூபாய்.

மாதாந்திர அறிக்கை என்றதும் எனக்கு மண்டபம் ஞாபகம் வந்தது. காரைக்குடியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆரின் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கு அங்கே கடலோரத்தில் ஓர் அரிமான ஆய்வு நிலையம் உண்டு. உலோகத் தகட்டை எடைபோட்டு, எண் பொறித்து, சட்டத்தில் சாய்வாகப் பொருத்தி உப்புக்காற்றில் விட்டுவிடுவார்கள். சிலவற்றைக் கடல்நீரிலேயே முக்கி வைப்பார்கள். மாதங்கள், ஆண்டுகள் கழித்து எடுத்து, துருவைக் கரைத்துக் கழுவி, மறுபடி எடைபோடுவார்கள். குறைந்த எடைதான் பதில். பாம்பன் பாலம் போல உப்புக்காற்றில் நிற்கும் இரும்புக்கு எந்தப் பூச்சு எத்தனை காலம் தாங்கும் என்று தெரிந்துகொள்ள அப்படித்தான் காத்திருக்க வேண்டும். இந்த வேலைக்கு மாதாமாதம் அறிக்கை கேட்டால், ‘தகடு இருந்த இடத்தில் இருக்கிறது’ என்றுதான் எழுத முடியும்!

அந்த சிக்ரியே ஒரு தமிழரின் கொடை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். நான்கரை ஆண்டு கழித்து, 1953 பொங்கலன்று திறப்பு விழா. கொடுத்தவர் மாதாமாதம் கணக்குக் கேட்டிருந்தால் இது எழும்பியிருக்குமா?

இனி அதிகாரத்துக்கு வருவோம். 1942இல் பிறந்த சி.எஸ்.ஐ.ஆர். சட்டப்படி ஒரு பதிவுபெற்ற சங்கம். சங்கத்தின் தலைவர் பிரதமர். அன்றாட நிர்வாகம் தலைமை இயக்குநர் கையில். நிர்வாகக் குழுவுக்கும் அவரே தலைவர். 1985இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சித் துறை என்று ஒன்றைத் தொடங்கி, சி.எஸ்.ஐ.ஆரை அதன்கீழ் வைத்தார்கள். அந்தத் துறையின் செயலாளர் யார்? அதே தலைமை இயக்குநர்தான். மானியம் கொடுத்துக் கணக்குக் கேட்க வேண்டிய துறைக்கும், கணக்குச் சொல்ல வேண்டிய அமைப்புக்கும் ஒரே நாற்காலி.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். செயலாளர் பதவி ஐ.ஏ.எஸ். அதிகாரியிடம் போனால் விஞ்ஞானி கோப்போடு வராந்தாவில் காத்திருக்க வேண்டிவரும் என்பார்கள். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் தமிழ் வழியில் படித்து, சிக்ரியில் வளர்ந்த கலைச்செல்வி 2022இல் இந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் ஆனபோது எல்லோரையும் போல நானும் மகிழ்ந்தேன். ஆனால் என் கேள்வி ஆளைப் பற்றியது அல்ல. எத்தனை நல்லவர் உட்கார்ந்தாலும், தன் அமைப்பைப் பார்த்துத் தானே சங்கடமான கேள்வி கேட்கும்படி யாரையும் வைக்கக் கூடாது. கேள்வி கேட்க ஆளில்லாத இந்த இடைவெளியைச் சங்கத் தலைவரான பிரதமர் நிரப்புவார் என்பது ஏட்டளவில் சரி. 2023இல் சட்டமான தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கும் அவரே தலைவர். நாட்டில் அவருக்கு வேறு வேலையும் இருக்கிறது.

மேலே நாற்காலி மாறாவிட்டாலும், கீழே ஆய்வக அளவில் உருப்படியான ஒரு மாற்றம் சத்தமில்லாமல் 2025 ஜூனில் நடந்தது. அறிவியல் கருவிகளை ஜெம் எனும் அரசுக் கொள்முதல் இணையதளத்துக்கு வெளியே வாங்க இயக்குநர்களுக்கு அனுமதி கிடைத்தது. விலைப்புள்ளி இல்லாமல் வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. குழு வைத்து வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. விழாவும் மேடையும் இல்லை, நிதி அமைச்சகத்தின் ஓர் உத்தரவு, அவ்வளவுதான். ஆனால் ஒரு கருவிக்காக மாதக்கணக்கில் டெண்டர் பார்த்த ஆய்வு மாணவரைக் கேளுங்கள், எந்த இணைப்பையும்விட இதுதான் பெரிது என்பார்.

அடுத்த சீரமைப்புக் குழு எப்படியும் வரும். ஆய்வகங்களை இணைக்கப் பட்டியல் தயாரிக்கும் முன் அது இரண்டு காரியங்கள் செய்யட்டும். துறைச் செயலாளர் பதவிக்கு வேறொரு விஞ்ஞானியை நியமிக்கச் சொல்லட்டும். மண்டபத்துத் தகடு போன்ற வேலைகளுக்கு ஐந்தாண்டுப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லட்டும். இரண்டுக்கும் புதுப் பெயர்ப்பலகை தேவையில்லை.