பிட்டும் தேங்காய்ப்பூவும்: உறவுநிலைச் சமூகவியல் நோக்கில் ஒரு மறுப்பு

கிழக்கிலங்கைத் தமிழர், முஸ்லிம்கள் பற்றிப் பேசும் மேடைகளில் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்னும் உவமை தவறாது ஒலிக்கின்றது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என இரு சமூகத்தாரின் ஊர்களும் கரையோரத்தில் இடையிட்டு அமைந்திருப்பதை அது சுட்டுகின்றது. நல்லெண்ணத்திற் பிறந்த உவமையே எனினும், ஆய்வுக்கு அது இழைத்த தீங்கு பெரிது. குழலில் இடப்படுமுன்னரே மா மாவாகவும் பூ பூவாகவும் இருந்தன. அங்ஙனமே தமிழர், முஸ்லிம் என்னும் இரு பொருள்களும் முன்னரே முழுமையுற்றிருந்தன என்றும், உறவு பின்னர் வந்து சேர்ந்தது என்றும் அவ்வுவமை கற்பிக்கின்றது. உறவுநிலைச் சமூகவியல் மறுப்பது இதனையேயாகும்.

1997இல் முஸ்தபா எமிர்பேயர் வெளியிட்ட கொள்கை விளக்கக் கட்டுரை இம்மறுப்பைத் தெளிவுற முன்வைத்தது. யோன் டூயி, ஆர்தர் பென்ட்லி ஆகியோரின் 1949ஆம் ஆண்டு நூலைத் தழுவி, மூவகைப் பார்வைகளை அவர் வேறுபடுத்தினார். பொருள்கள் தம் உள்ளியல்பினாலேயே இயங்குகின்றன என்பது ஒன்று. முழுமை பெற்ற பொருள்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது மற்றொன்று. உறவின் உள்ளேயே உறவாடுவோர் உருப்பெறுகின்றனர் என்பது மூன்றாவது. பிட்டு உவமை இரண்டாவது வகையைத் தாண்டவில்லை.

நமது ஆய்வு மரபு முதல் வகையிலேயே தேங்கி நின்ற காலமும் உண்டு. இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிப் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் எழுதினார், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பெழுதினார். இருவரும் மூலத்தையே தேடினர். எனினும், அத்தேடலுக்குச் சூடேற்றியது பழைய குருதியன்று. சட்டநிரூபண சபையில் எவர் எவரைப் பிரதிநிதித்துவப்படுத்துவது என்ற அன்றைய போட்டியே. சபையில் முஸ்லிம் உறுப்பினர் தனியே நியமனம் பெற்றது 1889இல் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

கரையோர வாழ்வோ மூன்றாவது பார்வையையே வேண்டி நிற்கின்றது. தாய்வழிக் குடிமுறை, மகளுக்கு வீட்டைச் சீதனமாக அளித்தல், மணமகன் மனைவியின் வீட்டிற் குடிபுகுதல் ஆகியன இரு சமூகத்தாரிடையேயும் வேரூன்றியவை. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்ட டெனிஸ் மக்கில்வ்ரேயின் 2008ஆம் ஆண்டு நூல் இதனை விரிவாகக் காட்டுகின்றது. ‘யார் யாரிடம் கடன் பெற்றனர்?’ என வினவுவோர், கடன் கொடுக்குமுன்னரே இரு கணக்குகள் இருந்தன எனக் கொள்கின்றனர். அக்கணக்குகள் எவ்வாறு பிரிந்தன என்பதே வினாவாதல் வேண்டும்.

ஆயினும், உறவே முதன்மை என்ற அளவில் அமைதல் போதாது. எமிர்பேயரின் கட்டுரை வழியைத் திறந்ததேயன்றி, எவ்வுறவு எதனை விளைவிக்கும் எனப் பகுத்துரைக்கும் பணியைப் பெரிதும் பிறர்க்கு விட்டது. பியர் போர்தியூவின் ‘களம்’ என்னும் கருத்து பதவிகளுக்கும் வளங்களுக்குமான போட்டியை விளக்கும். ஆனால் அயலவரிடையேயான நேரடித் தொடர்பை அது இரண்டாம் இடத்துக்குத் தள்ளும். நோபேட் எலியாஸ், ஸ்கொட்சனுடன் இணைந்து எழுதிய 1965ஆம் ஆண்டு நூலில், ஒரே இனமும் ஒரே வர்க்கமுமான ஆங்கிலேயர் ஒரே ஊரில் பழையோர், புதியோர் எனப் பிளவுண்டதைக் காட்டினார். பண்பாட்டு வேறுபாடன்று, அதிகாரச் சமநிலையே எல்லையை வரைகின்றது என்பது அதன் பாடம். அவ்வெல்லை ஏன் நிலைக்கின்றது என்பதற்கு, வாய்ப்புகளைத் தம்மவர்க்கென ஒதுக்கிக்கொள்ளும் செயலைச் சாள்ஸ் ரில்லி 1998இல் விடையாகத் தந்தார்.

கல்முனைக்கு இவ்விருவருமே மிகப் பொருந்துவர். வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நிகழ்ந்தது. எதிராக முஸ்லிம்களும் போராடினர். இதனை ‘இனப் பகை’ என்போர் சாய்ந்தமருதுக்கு என்ன விடை கூறுவர்? கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிய விழைந்த அம்முஸ்லிம் ஊருக்கு 2020 பெப்ரவரியில் நகர சபைக்கான வர்த்தமானி வெளியாகிச் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. ஒரே மதம், ஒரே மொழி, எல்லையோ எழுந்தது. காணியும் வரியும் சபையும் பங்கிடப்படும் இடத்தில் எல்லை பிறக்கின்றது.

இவ்விரு சமூகத்தாரை மட்டும் நோக்குவோர் ஜோர்ஜ் சிம்மெலை மறந்தோராவர். இருவர் பிணக்கில் மூன்றாமவர் நடுவராகலாம், பயன்கொள்பவராகலாம், பிணக்கை விளைத்து ஆள்பவருமாகலாம் என 1908இலேயே அவர் உணர்த்தினார். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டமையும் அந்த மூன்றாமவரான அரசின் செயல்களே. கரையோரத்தார் ஒருவரோடொருவர் போட்டியிடும் பங்கின் அளவை வரையறுப்பது கொழும்பு.

‘அவ்வாறாயின் அடையாளம் பொய்யோ?’ என வினவலாம். பொய்யன்று. 1985 ஏப்ரலில் காரைதீவுப் பகுதியில் எரிந்த வீடுகளும், 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் வீழ்ந்த உயிர்களும் பொய்யல்ல. வன்முறையும் ஓர் உறவே. எல்லையை இறுக்கும் உறவு. உறவினால் ஆனது உறவினால் மாறவும் கூடும். ‘என்றும் ஒன்றாயிருந்தோம்’ என்பாரும் ‘என்றும் வேறாயிருந்தோம்’ என்பாரும் இவ்வுண்மையையே மறைக்கின்றனர். ஆதலின், கல்முனை பற்றி ஆராயப் புகும் மாணவர் இனங்களின் இயல்பைத் தேடுவதை விடுத்து, வயற்காணி, சந்தை, செயலகம் ஆகியவற்றில் எவர் எவரைச் சார்ந்துள்ளனர், அச்சார்பில் எடை எப்பக்கம் சாய்கின்றது என ஆராய்தல் வேண்டும். உவமையை மேடைக்கே விட்டுவிடலாம்.