அட்டைக்கும் ஒரு ஃபர்ஸ்ட் லுக்

பெரிய நடிகர் படத்துக்கு ஃபர்ஸ்ட் லுக் வந்தால் போதும், அடுத்த நிமிடம் நம் குடும்பப் புலனக் குழு முழுக்க அதுதான். ஆங்கிலத்தில் ஃபேண்டசி நாவல் எழுதிச் சொந்தமாக வெளியிடுகிறவர்களுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. ‘கவர் ரிவீல்’ என்கிறார்கள். புத்தகம் வர இன்னும் சில வாரங்களோ மாதங்களோ இருக்கும். அன்று அட்டைப்படத்தை மட்டும் காட்டுவார்கள். இவர்களுக்குப் பெரிய பதிப்பகம் கிடையாது, கடை அலமாரியில் இடம் கிடையாது. முன்பின் தெரியாத வாசகர் அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான், “சரி, வாங்கித்தான் பார்ப்போமே” என்று நினைக்க வேண்டும்.

“ஒரு படத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று கேட்கும் அப்பா அம்மாக்களுக்கு ‘எரகன்’ கதையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை படித்திருக்கலாம். கிறிஸ்டோபர் பாவ்லினி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே பாடம் படித்து வளர்ந்தவர். 15 வயதில் அந்த நாவலை எழுதத் தொடங்கினார். 2002-இல் குடும்பமே சேர்ந்து அதை வெளியிட்டது. அட்டைப்படத்தையும் அவரே வரைந்தார். டிராகனின் கண், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வரைபடமும் அவர் கைவேலையே. பிறகு பழங்கால உடையை மாட்டிக்கொண்டு பள்ளி, நூலகம், புத்தகக் கடை என்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பேசி விற்றார்.

அன்று அட்டைக்குப் பக்கத்தில் எழுத்தாளரும் நின்றார். இன்று அது தனியாக நிற்கிறது, அதுவும் கைப்பேசித் திரையில் தபால்தலை அளவில்.

எழுத்தாளர் கார்ல் ஹயாசனுடைய மனைவியின் மகன் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சிலாகித்ததால், அது க்னாஃப் பதிப்பகத்தின் பார்வைக்குப் போனது. 2003-இல் ஜான் ஜூட் பாலென்கார் வரைந்த நீல டிராகன் அட்டையோடு மறுபடியும் வந்தது. இரண்டாம் பாகத்துக்குச் சிவப்பு டிராகன், மூன்றாவதுக்குத் தங்க நிறம். 2011-இல் நான்காம் பாகத்தின் அட்டையைக் காட்டினார்கள். பச்சை! முந்தைய மூன்று பாகங்களிலும் நாம் சந்திக்காத டிராகன். புத்தகம் நவம்பரில்தான் கடைக்கு வந்தது. அதற்குள் ரசிகர்கள் அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று வாதாடித் தீர்த்துவிட்டார்கள். (விடையைச் சொல்ல மாட்டேன். இன்னும் படிக்காதவர்கள் என்னை வானொலி நிலைய வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள்.) தொடர் நாவலின் அட்டைக்கு இதுதான் வேலை. நான்கையும் அடுக்கி வைத்தால் ஒரே குடும்பம் என்று தெரிய வேண்டும், அடுத்தது என்ன என்ற அரிப்பும் வர வேண்டும்.

ஆனால் 2023-இல் ஓர் அட்டையால் பெரிய மனக்கசப்பு வந்தது. சொந்தமாக வெளியிடும் ஃபேண்டசி எழுத்தாளர்களுக்காக எழுத்தாளர் மார்க் லாரன்ஸ் 2015-இல் ஒரு போட்டியைத் தொடங்கினார். எஸ்.பி.எஃப்.பி.ஓ. என்று அதற்குப் பெயர். நூற்றுக்கணக்கான நூல்கள் குவியும். கூடவே சிறந்த அட்டைக்கும் ஒரு போட்டி நடக்கும். அந்த ஆண்டு முதலிடம் பெற்ற அட்டை ஏ.ஐ. உருவாக்கியது என்று வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். வரைந்ததாகச் சொன்னவர் முதலில் இல்லவே இல்லை என்றார். பாவம், எழுத்தாளர் அவர் பேச்சை நம்பியவர். கடைசியில் லாரன்ஸ் அட்டைப் போட்டியையே மூடிவிட்டார். தவறு செய்தது ஒருவர், மேடை போனது எல்லாருக்கும். கையால் வரைந்து பிழைக்கும் ஓவியர்களுக்கு அது எவ்வளவு நல்ல மேடை!

ஏ.ஐ. படம் அழகாக இல்லை என்பதல்ல என் வருத்தம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டையைக் காட்டும் நாளில்தான் எழுத்தாளர் வாசகரிடம் முதன்முதலாக, “இதோ, நான் உருவாக்கிய உலகம்” என்கிறார். அந்த முதல் வார்த்தையிலேயே சந்தேகம் வந்துவிட்டால், உள்ளே இருக்கும் 400 பக்கத்தை யார் நம்பிப் படிப்பார்கள்?

நம் நாட்டிலும் தமிழ் நூல்கள் பெரும்பாலும் எழுத்தாளரின் சொந்தச் செலவில்தான் வருகின்றன. ராஜா ராணி, டிராகன், மந்திரவாதி என்று மடிக்கணினியில் எழுதி வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, ஓவியரிடம் முதலில் பென்சில் கோட்டுப்படம் கேளுங்கள். வேலை நடக்க நடக்க ஒவ்வொரு கட்டத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். ஏ.ஐ. பயன்படுத்தக்கூடாது என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். அட்டையைக் காட்டும் நாளில் உங்கள் பெயருக்குக் கீழே ஓவியர் பெயரையும் போடுங்கள்.

இன்னொன்று. இரண்டாம், மூன்றாம் பாகத்துக்கும் அவரே வேண்டுமென்றால் விலையை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். முதல் பாகம் நன்றாக விற்றுவிட்டால், அவரும் பேப்பர் படிக்கிறவர்தானே!